எடை குறைந்த சிசுக்களும் செவிலியர் காவலும்

மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கி வந்து வயல்களோடும் மாந்தோப்புகளோடும் கலக்கின்ற இடத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையின்மேல் அமைந்திருக்கும் சேத்தூர், முற்காலத்தில் ஒரு ஜமீனின் தலைமையிடமாய் விளங்கிய ஊர். அதையடுத்த தேவதானத்தில் எழுந்தருளியிருக்கும் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியின் சந்நிதிக்குப் புத்திர பாக்கியம் வேண்டி வருகின்ற தம்பதிகள் இன்றும் உண்டு. குழந்தை வரம் கேட்பதற்கு நம் மக்களிடம் விரதங்களும் நேர்த்திகளும் ஏராளமாக இருந்தன; ஆனால், கேட்ட வரம் இரண்டு மாதம் முந்திக்கொண்டு, ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாமல், வாய்விட்டு அழவும் திராணியற்ற ஒரு சிறு தேகமாக வந்து சேர்ந்துவிட்டால், அதை எவ்வாறு ரட்சிப்பது என்ற ஞானம் மிக அண்மைக் காலத்தில்தான் நமக்குக் கிட்டியது. அந்த ஞானத்தின் பெரும்பங்கு பயிற்சி பெற்ற செவிலியரின் கைகளிலும் கண்களிலும் இருக்கிறது என்பதையும், அந்தக் கைகள் போதாத இடத்தில் எத்தனை விலையுயர்ந்த யந்திரங்களை வாங்கி வைத்தாலும் சிசுக்கள் பிழைப்பதில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கர்ப்பத்தின் 37ஆம் வாரம் நிறைவதற்கு முன் பிறப்பவை குறைமாதச் சிசுக்கள்; 2,500 கிராமுக்குக் குறைவாக இருப்பவை எடை குறைந்தவை; 1,500 கிராமுக்கும் கீழே போய்விட்டவை மிகவும் எடை குறைந்தவை. இவற்றோடு, பிறந்தவுடன் சுவாசம் வராமல் திணறியவை, நீரிழிவுள்ள தாய்க்குப் பிறந்து ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தவை, கிருமித் தொற்றுக்கு ஆளானவை, கடுமையான மஞ்சள் காமாலை கண்டவை ஆகியவற்றையும் சேர்த்தே அபாய நிலைச் சிசுக்கள் என்று மருத்துவ சாஸ்திரம் கணக்கிடுகிறது. ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவந்த வார்த்தைக்கு ஆதாரம் யாதொன்றும் இல்லை. கர்ப்பத்தில் கூடுதலாகக் கழிகின்ற ஒவ்வொரு வாரமும் சிசுவின் நுரையீரலுக்கும் மூளைக்கும் பலம் சேர்ப்பதால், எட்டாம் மாதத்துப் பிள்ளை ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிடப் பிழைக்கவே அதிக வாய்ப்புடையது; அந்தப் பழைய வார்த்தையை நம்பிக் கைவிட்டுவிடாதிருப்பதே முதல் சிகிச்சை.

இந்தியாவில் 1971ஆம் ஆண்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிரம்புவதற்குள் மாண்டுபோயின. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அந்த எண் தேசம் முழுமைக்கும் 28, தமிழ்நாட்டில் 13. இந்தப் பதின்மூன்றில் ஒன்பது, பிறந்த முதல் 28 நாட்களுக்குள்ளேயே நேர்ந்தவை என்பதைக் கவனிக்கும்போது, நாம் கடந்து வந்த தூரமும் இன்னும் கடக்கவேண்டிய தூரமும் ஒருங்கே விளங்கும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆகவே, பிரசவம் எங்கே நடக்கிறது என்ற வினா நம் மாநிலத்தில் ஏறக்குறையத் தீர்ந்துபோனது. பிறந்த பின் அந்தச் சிசுவை இரவு மூன்று மணிக்கு யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வினாவே எஞ்சி நிற்கிறது.

பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குச் சுவாசத்தைத் தொடங்கச் சிறிது உதவி வேண்டியிருக்கிறது. நூற்றில் ஒன்றுக்கே அதற்கு மேற்பட்ட பெருமுயற்சி தேவைப்படுகிறது. உதவி வேண்டுபவற்றிற்கு அதை அளிக்க இருக்கின்ற அவகாசமோ ஒரு நிமிஷம். வெதுவெதுப்பான துணியால் துவட்டி, தலையை நேரே வைத்து, முதுகை நீவி, அதற்கும் அசையாவிடில் முகமூடி பொருத்திய காற்றுப்பையை அழுத்தி நுரையீரலை விரியச் செய்யும் காரியத்தை அந்த ஒரு நிமிஷத்துக்குள் தொடங்கியாகவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் நிகழும் பிரசவத்தின்போது பெரும்பாலும் பணியிலிருப்பவர் ஒரு செவிலியே; குழந்தை மருத்துவருக்குச் செய்தி போய் அவர் வந்து சேர்வதற்குள், ஓர் ஆயுட்காலம் முழுவதற்குமான தீர்ப்பு அந்த அறையில் எழுதப்பட்டுவிடுகிறது.

சுவாசத்திற்கு அடுத்தபடியாக உஷ்ணம். தாயின் வயிற்றில் ஒரே சீரான வெப்பத்தில் வளர்ந்த சிசு, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தவுடன் தன் தேகத்தின் சூட்டை இழக்கத் தொடங்குகிறது. குறைமாதச் சிசுவுக்குத் தோலுக்கடியில் கொழுப்புமில்லை, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் சக்தியுமில்லை. பாரிஸ் நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் ஸ்தெஃபான் தார்னியே என்ற வைத்தியர், கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதே முறையில் சிசுக்களுக்கும் ஒரு பெட்டி செய்வித்து 1880ஆம் ஆண்டுவாக்கில் உபயோகிக்கத் தொடங்கினார் என்பது பலரும் அறிந்த சரித்திரம். அதே மருத்துவமனையின் தலைமை மருத்துவச்சியான மேடம் ஆன்ரி, பலவீனமான சிசுக்களுக்கென்றே தனியானதொரு பகுதியை 1893இல் நடத்தத் தொடங்கினார் என்பதை அறிந்தவர்கள் அத்தனை பேர் இல்லை. பின்னர் சிக்காகோ நகரத்தில் ஜூலியஸ் ஹெஸ் என்ற வைத்தியர் குறைமாதச் சிசுக்களுக்கான நிலையத்தை நிறுவியபோதும், அதன் ஒழுங்கு முழுவதையும் நிர்வகித்தவர் எவலின் லண்டீன் என்ற தலைமைச் செவிலியே. 1941இல் வெளிவந்த அவர்களுடைய நூலின் ஆசிரியர்களாக இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாயின. பெட்டியைக் கண்டுபிடித்தவரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. பெட்டிக்குள் இருந்த சிசுவை இரவும் பகலும் கவனித்தவரை மறந்துவிடுகிறது. இந்த மறதிக்கு நாமும் விலக்கல்லோம்.

உஷ்ணம் எத்துணை முக்கியம் என்பதற்கு வில்லியம் சில்வர்மன் முதலானோர் நியூயார்க்கில் நடத்தி 1958இல் வெளியிட்ட சோதனை ஒன்றே போதும். இன்குபேட்டரின் வெப்பத்தை 28.9 டிகிரியிலிருந்து 31.7 டிகிரிக்கு உயர்த்திய மாத்திரத்தில், மருந்து ஏதும் மாற்றாமலே, நூற்றுக்குப் பதினைந்து சிசுக்கள் அதிகமாகப் பிழைத்தன. மூன்று டிகிரிகூட இல்லாத வித்தியாசம்! ஆனால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கருவியைவிட முந்துவது செவிலியின் புறங்கை. சிசுவின் வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் குறையில்லை. வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லிட்டிருந்தால் ஆபத்து வந்தேவிட்டது. அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 36.5க்கும் 37.5க்கும் இடையில் நிற்கவேண்டும் என்பது அளவு. இந்தச் சோதனையை எந்தத் தாய்க்கும் அரை நிமிஷத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனி, ஆடி மாதங்களில் மலைக்காற்று ஓயாமல் வீசுகிற இந்தப் பகுதியில், எடை குறைந்த பிள்ளையோடு வீடு திரும்புகின்ற ஒவ்வொரு தாயும் இதைக் கற்றுக்கொண்டே போகவேண்டும். பிறந்த அன்றே குளிப்பாட்டிப் புகை போடுகிற வழக்கம், நிறைமாதப் பிள்ளை பொறுத்துக்கொண்டாலும், ஒன்றேகால் கிலோ சிசுவால் பொறுக்கக்கூடியதன்று.

பெட்டிக்குச் சமமானதும், சில நிலைகளில் அதனினும் மேலானதுமான ஒரு வெப்பக் கருவி தாயின் மார்பு என்று உலகம் உணர்ந்துகொண்டது வறுமையின் காரணமாகத்தான். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல சிசுக்களைக் கிடத்தி, தொற்றினால் அவை மாள்வதைக் கண்ட எட்கர் ரே என்ற வைத்தியர், 1978இல், குல்லாயும் காலுறையும் மட்டும் அணிவித்த சிசுவைத் தாயின் இரு மார்புகளுக்கிடையே தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்துத் துணியால் பிணைத்துவிடும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளில் சொல்லப்படுவது இதுவே. சிசுவின் நிலை சீரான பிறகே இதைத் தொடங்கவேண்டும் என்று நெடுங்காலம் கருதிவந்தனர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1,800 கிராமுக்கும் இடைப்பட்ட சிசுக்களை வைத்து நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட சிசுக்களில் 28 நாட்களுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. பிற்பாடு வைக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய 16. இந்த ஆதாரத்தைக் கொண்டு உலக சுகாதார நிறுவனமும் 2022இல் தன் நெறியைத் திருத்தி, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை இம்முறையைக் கைக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது.

எட்டு மணி நேரம் என்று எழுதிவிடுவது எளிது. அறுவைப் பிரசவமாகித் தையல் ஆறாத ஒரு பெண், நாற்காலி கூட இல்லாத ஒரு வராந்தாவில், மூக்கில் குழாய் செருகப்பட்ட சிசுவை நெஞ்சில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு, சாய்வான இருக்கையும், மறைவும், பசியாறச் சோறும், அருகிலிருந்து தைரியம் சொல்லும் ஒரு செவிலியும் வேண்டும். தாய் ஓய்ந்தபோது தந்தையும் இதைச் செய்யலாம்; பாட்டியும் செய்யலாம். ஆண்பிள்ளை நெஞ்சில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா என்று கூசுகின்றவர்கள் இந்தப் பக்கத்தில் இருப்பார்களேயானால், பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி வனத்தில் கிடந்த பெண் சிசுவை எடுத்து வளர்த்தவரும், கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடியவரும் பெரியாழ்வார் என்ற ஆண்மகனே என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இனி, ஆகாரம். ஏறத்தாழ 34 வாரம் நிரம்பாத சிசுவுக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒன்றோடொன்று இசைந்து வருவதில்லை. ஆகையால், தாய்ப்பாலைக் கறந்து, மெல்லிய குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துகிறார்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையிலும், அங்கிருந்து மார்பெலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் நடுவிடம் வரையிலும் குழாயை வைத்து அளந்து, அந்த அளவுக்கு மேல் ஒரு விரல்கூடப் போகாமல் இறக்கி, அது நுரையீரலுக்குள் போய்விடவில்லை என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே செவிலி பாலை விடுகிறார். அதுவும் அழுத்தித் தள்ளாமல் தானே இறங்கும்படி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சொற்ப மில்லிலிட்டர் அளவுகளில், பகலென்றும் இரவென்றும் பாராமல் இது நடக்கவேண்டும். 32 வாரத்தைத் தாண்டியதும் பாலாடைக்கு மாறலாம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த அந்தச் சிறு மூக்குக் கிண்ணி, புட்டியைவிடச் சுத்தம் செய்ய எளிதாகவும் சிசுவுக்கு ஆயாசம் தராததாகவும் இருப்பதை ஆராய்ந்து கண்டபின், இந்தியா முழுவதிலும் பச்சிளங்குழந்தைகளின் வார்டுகளில் இடம்பெற்றுவிட்டது. அதே பாலாடையில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ விட்டுச் சேனை வைப்பதும், வசம்பு உரைத்து ஊற்றுவதும், கழுதைப் பால் புகட்டுவதும் குறைமாதச் சிசுவின் குடலுக்குக் கிருமியைக் கொண்டு சேர்க்கும் வழிகளாகும். சேனை வைக்கும் உரிமை தாய்மாமனுக்கோ பாட்டனாருக்கோ இருக்குமானால், முதல் சீம்பாலை ஒரு சொட்டு அவர் விரலாலன்றிப் பாலாடையால் புகட்டட்டும். உரிமையும் நிற்கும், பிள்ளையும் நிற்கும்.

சொந்தத் தாயின் பால் கிடைக்காத சிசுவுக்குப் பிற தாய்மாரின் பாலைப் பதப்படுத்திக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கியை ஆசியாவிலேயே முதன்முதலாக 1989இல் பம்பாயின் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை முதலாகத் தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இப்போது அது நடைபெறுகிறது.

செவிலியின் கண் வைத்தியத்துக்கே வழி திறந்த வரலாறு ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ராக்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதச் சிசுக்களின் பிரிவைக் கவனித்துவந்த ஜீன் வார்டு என்ற சிஸ்டர், வெயிலும் காற்றும் சிசுக்களுக்கு நன்மை தரும் என்ற நம்பிக்கையால், நல்ல நாட்களில் அவற்றை முற்றத்துக்கு எடுத்துச் செல்வது வழக்கம். 1956ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், சுற்றிவந்த வைத்தியர்களிடம் அவர் ஒரு சிசுவைத் தயக்கத்தோடு திறந்து காட்டினார். தேகம் வெளுத்திருக்க, துணியின் ஓர் ஓரம் மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாய் இருந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் காமாலை வடிந்திருக்கிறது என்ற உண்மை அங்கே பிரத்தியட்சமாயிற்று. வைத்தியர் கிரெமரும் அவரைச் சார்ந்தோரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் வெளியிட்டார்கள். இன்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைக்கு லைட் வைத்திருக்கிறார்கள் என்று உறவினர் சொல்லிக்கொள்கிற நீலவொளிச் சிகிச்சை அவ்விதம் பிறந்தது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மஞ்சள் நிறம் முகத்திலிருந்து கீழிறங்கி உள்ளங்கையையும் உள்ளங்காலையும் எட்டிவிட்டால், அது மூளையைத் தாக்கக்கூடிய அளவுக்கு ஏறிவிட்டது என்று கருதி உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும் கண் தவறினால் நேர்வது என்ன என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சுவாசத்துக்காகக் கொடுக்கப்படும் பிராணவாயு அளவுக்கு மிஞ்சினால் குறைமாதச் சிசுவின் விழித்திரை கெடும் என்பதை 1940களிலும் 1950களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்த பின்னரே மேலைநாடுகள் கண்டறிந்தன. ஆகவே ரத்தத்தின் பிராணவாயு நிறைவு 90க்கும் 95க்கும் இடையில் நிற்கும்படி, கருவியின் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிடாமல், செவிலி இமைப்பொழுதும் சரிபார்த்துவர வேண்டியிருக்கிறது. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த சிசுவுக்கு முப்பது நாளுக்குள் விழித்திரைச் சோதனை செய்தாகவேண்டும் என்பது நம் நாட்டு நெறி. 1996இல் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இச்சோதனை செய்யப்படாமலும், செய்துகொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்படாமலும் போய், பார்வை முழுவதும் அழிந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஒரு வரி எழுதி, அதைத் தாய்க்கு வாயாலும் சொல்லியிருந்தால் அந்தக் கண்கள் பிழைத்திருக்கக்கூடும்.

தொற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கை கழுவுதல். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்த கட்டுத்துணி எத்தனையோ மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேருகிறது. அத்துணியை எத்தனை சுத்தமாக வெந்நீராவியில் பதப்படுத்தினாலும், அதை எடுக்கும் கை கழுவப்படாத கையாக இருந்தால் பலனில்லை. பத்துச் சிசுக்களுக்கு ஒரே செவிலி என்றாகிவிட்ட இரவில், ஒவ்வொன்றைத் தொடுமுன்னும் அவர் முறைப்படி கை கழுவ வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமுமாகாது.

இங்கேதான் நாம் விஷயத்தின் மர்மஸ்தானத்துக்கு வருகிறோம். மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் 2003இல் தொடங்கிய பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பின்பற்றி, நாடெங்கும் மாவட்டந்தோறும் அத்தகைய பிரிவுகள் எழுந்தன. 2011இல் வந்த மத்திய அரசின் நெறிமுறை, ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று அல்லது நான்கு சிசுக்களுக்கு ஒரு செவிலி இருக்கவேண்டுமென்றும், பயிற்சி பெற்றவர்களை அடிக்கடி வேறு வார்டுகளுக்கு மாற்றலாகாதென்றும் கூறுகிறது. ராஜபாளையத்து நூற்பாலையில் ஒரு பெண் பல நூறு கதிர்களைக் கண்காணிக்கலாம். அறுந்த இழையை அவள் மறுபடி பிணைத்துவிடுவாள். இருபது விநாடிக்கு மேல் மூச்சை நிறுத்திவிட்ட சிசுவின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புவதற்கு ஓர் ஆள் அப்போதே, அங்கேயே இருந்தாகவேண்டும். அப்படி இருக்கவேண்டியவர்களை நாம் எவ்வாறு நடத்தினோம்? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017இல் சென்னையில் கூடிப் போராட நேர்ந்தது. பின்னர் ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தது உண்மை. எனினும், ஒரு சிசுவின் மூச்சை எண்ணுகின்ற கண்ணுக்கு அவ்வளவு மலிவான விலை வைத்ததை நல்ல நிர்வாகம் என்று எவரும் சொல்லமுடியாது என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவமனையின் வாசலோடு காவல் முடிவதில்லை. ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் தூரம் குறைந்தது என்றாலும், சேத்தூரிலோ தேவதானத்திலோ இரவில் குழந்தை துவண்டுவிட்டால் முதல் ஒரு மணி நேரம் வீட்டாரின் கையிலேயே இருக்கிறது. பிறந்த 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீடு தேடி வந்து பார்க்கவேண்டும் என்ற திட்டத்துக்கு மூலமாய் அமைந்தது, மராட்டியத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்துப் பச்சிளங்குழந்தைகளின் மரணத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டிய பணி. 1999இல் அது வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. நம்மிடத்தில் அந்த வேலை கிராம சுகாதார செவிலியரைச் சார்ந்தது. அவர் வரும்போது, பச்சை உடம்புக்காரியின் அறைக்குள் வெளியாளை விடுவதில்லை என்று தடுக்காமல், குழந்தையின் துணியை விலக்கிக் காட்டவேண்டும். பால் குடிக்க மறுத்தல், நிமிஷத்துக்கு அறுபதும் அதற்கு மேலுமாக மூச்சு வாங்குதல், மார்புக்குழி உள்ளிழுத்தல், வலிப்பு, உடல் சில்லிடுதல் அல்லது காய்தல், தொட்டாலும் அசையாமை என்ற இவற்றில் ஒன்று கண்டாலும் நாள் நட்சத்திரம் பாராமல் 108க்கு அழைத்து, வண்டி வரும் வரையிலும் வண்டியிலும் சிசுவைத் தாயின் மார்போடு அணைத்துத் துணியால் மூடிக்கொண்டே போகவேண்டும். வழியிலேயே குளிர்ந்துபோன சிசுவைக் காப்பது, வந்து சேர்ந்த பின் எந்த மருத்துவமனைக்கும் கடினம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பகுதியின் அரசு மருத்துவமனைக்குப் புதியதொரு கருவியோ கட்டடமோ திறந்துவைக்க மந்திரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் வருகிறபோது, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இரவு ஷிப்டில் எத்தனை சிசுக்களுக்கு எத்தனை செவிலியர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். விடை கிடைக்கும் வரையில் கேளுங்கள்.